விர்ச்சுவல் மெஷினில் ஓடும் ஓஎஸ்ஸை அப்படியே நிஜ எஸ்எஸ்டிக்கு மாற்ற முடியுமா? - ஒரு முழு விளக்கம்

"அக்கா, ஒரு டவுட். விர்ச்சுவல்பாக்ஸ்ல இருக்கிற உபுண்டுவை அப்படியே தூக்கிப் புது எஸ்எஸ்டில போட முடியுமா? திரும்ப முதல்ல இருந்து எல்லாத்தையும் இன்ஸ்டால் பண்ண என்னால ஆகாது."

சித்தி மகனிடமிருந்து இரவு பதினோரு மணிக்கு வந்த வாய்ஸ் மெசேஜ் இது. இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு விண்டோஸ் லேப்டாப். அதில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் உபுண்டு வைத்து, ஆறு மாதமாக ப்ராஜெக்ட் வேலை மொத்தத்தையும் அதற்குள்தான் செய்துகொண்டிருந்தான். லேப்டாப்பில் மொத்தம் 8 ஜிபி ரேம். பாதி விண்டோஸுக்கு, பாதி உபுண்டுவுக்கு. "ஒரு டேப் ஓப்பன் பண்ணிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வரலாம்க்கா" என்பது அவன் சொன்ன நிலவரம். ரிவ்யூவுக்கு மூன்று வாரம்தான் பாக்கி.

முடியும் என்றேன். முடிந்தும் விட்டது. ஆனால், நடுவில் ஒரு நிமிடம் தவறியிருந்தால் சித்தப்பாவின் கடைக் கணக்கும் குடும்ப போட்டோக்களும் மொத்தமாகப் போயிருக்கும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில், இந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

விர்ச்சுவல் மெஷின் என்பது என்ன?

ஒரு கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராலேயே உருவாக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர். சுருக்கமாக விஎம். உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தான் ஒரு தனி மெஷினில் ஓடுவதாகத்தான் நினைப்பு. அது பார்க்கும் ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, திரை எல்லாமே சாஃப்ட்வேர் காட்டும் வேஷம்.

யோசனை புதிதல்ல. பெரிய மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர்களுக்காக ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்ற சிஸ்டத்தை அறிவித்தது. சாதாரண பிசிக்கு இதைக் கொண்டுவந்தது 1999-ல் வெளியான விஎம்வேர். இன்று மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் விர்ச்சுவல்பாக்ஸ் 2007-ல் வெளியானது. இப்போது ஆரக்கிள் நிறுவனத்திடம் இருக்கிறது.

இந்தக் கேள்வி இப்போது பலருக்கும் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 போன்ற நிபந்தனைகள் இருப்பதால் பழைய லேப்டாப்கள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை. 'லினக்ஸை ஒருமுறை பார்த்துவிடலாமே' என்று விஎம்மில் போட்டுப் பார்த்து, பழகி, பிடித்துப்போய், 'இதையே நிஜமாக்கினால் என்ன?' என்ற இடத்துக்கு வந்து நிற்கிறார்கள்.

ஒரு ஃபைல்தானே, காப்பி பண்ணினால் போதாதா?

இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. பாதி சரி.

விஎம்மின் ஹார்ட் டிஸ்க் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு பெரிய ஃபைல். விர்ச்சுவல்பாக்ஸில் அது விடிஐ, விஎம்வேரில் விஎம்டிகே, மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் விஹெச்டிஎக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் அதிகம் இருக்கும் கியூஇஎம்யூவில் கியூகவ்2. பெயர் வேறு, வேலை ஒன்று. உள்ளே இருக்கும் டிஸ்க்கை ஒரு பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறது. அந்தப் பெட்டியை அப்படியே எஸ்எஸ்டியில் காப்பி செய்தால், எஸ்எஸ்டியில் ஒரு பெரிய ஃபைல் இருக்கும், அவ்வளவுதான். பூட் ஆகாது. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதை டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். பெட்டி இல்லாத இந்த வடிவத்துக்கு 'ரா இமேஜ்' என்று பெயர்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, அளவு. சித்தி மகன் விஎம்முக்கு 60 ஜிபி டிஸ்க் கொடுத்திருந்தான். ஆனால், விடிஐ ஃபைல் 22 ஜிபிதான் இருந்தது. எழுதிய அளவுக்கு மட்டும் வளரும் வகை அது. ரா இமேஜாக மாற்றினால் காலி இடமும் சேர்ந்து முழு 60 ஜிபி ஆகிவிடும்.

இரண்டு, ஸ்னாப்ஷாட். விஎம்மில் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால், அதற்குப் பிறகு நடந்த மாற்றங்கள் எல்லாம் வேறு ஒரு ஃபைலில் சேர்ந்திருக்கும். மெயின் விடிஐ ஃபைலை மட்டும் எடுத்து மாற்றினால், உங்களுக்குக் கிடைப்பது ஸ்னாப்ஷாட் எடுத்த அன்றைய பழைய நிலை. 'போன மாசம் எழுதின கோடைக் காணோமே' என்ற அலறல் இப்படித்தான் வரும்.

பிறகு எங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்?

டேட்டா அப்படியே வந்துவிட்டாலும், ஆபரேட்டிங் சிஸ்டம் தன் பழைய 'வீட்டை' வைத்துச் சில முடிவுகளை எடுத்து வைத்திருக்கிறது. வீடு மாறினால் அவை இடிக்கும். முக்கியமானவை மூன்று.

1. பூட் ஆகும் முறை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஓஎஸ்ஸைத் தேடிப்பிடிக்கும் வேலையைச் செய்வது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். பழைய முறை பயாஸ், புதிய முறை யூஇஎஃப்ஐ. பயாஸ், டிஸ்க்கின் முதல் செக்டாரைப் படிக்கும். யூஇஎஃப்ஐயோ, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த ஒரு தனி பார்ட்டிஷனுக்குள் பூட் ஃபைலைத் தேடும். விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் விஎம் உருவாக்கும்போது ஈஎஃப்ஐ தேர்வை நீங்களாக டிக் செய்யாவிட்டால் அது பெரும்பாலும் பயாஸ் முறையில்தான் இருக்கும். புது லேப்டாப்களில் பலவற்றில் பயாஸ் முறையே கிடையாது. விளைவு, எல்லாம் சரியாகக் காப்பி ஆகியிருக்கும். கம்ப்யூட்டர் மட்டும் 'பூட் டிவைஸ் இல்லை' என்று சொல்லும்.

யூஇஎஃப்ஐயில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'இந்த டிஸ்க்கில் உபுண்டு இருக்கிறது' என்ற பதிவு டிஸ்க்கில் இருப்பதில்லை, மதர்போர்டின் மெமரியில் இருக்கும். எஸ்எஸ்டி இடம் மாறினால் அந்தப் பதிவு கூடவே வராது. டிஸ்க்கில் பொதுவான இடத்தில் ஒரு பூட் ஃபைல் இருந்தால் அதை வைத்துச் சமாளிக்கும். இல்லையென்றால் பதிவைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

2. டிரைவர்கள். விஎம் காட்டும் ஹார்ட்வேர் எப்போதும் ஒரே மாதிரி, எண்ணிச் சொல்லிவிடலாம். நிஜ லேப்டாப்பில் ஆயிரம் ரகம். நிஜ கம்ப்யூட்டரை விஎம்மாக மாற்ற, மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் டிஸ்க்2விஹெச்டி போன்ற ரெடிமேட் கருவிகள் இருக்கின்றன. எதிர்த் திசையில் அப்படி ஒரே பட்டனில் முடிக்கும் வழி இல்லாததற்கு இதுதான் காரணம். போய்ச் சேரும் இடம் எப்படிப்பட்டது என்று கருவிக்கு முன்கூட்டியே தெரியாது.

3. முகவரிகள். எந்த பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது, எந்த நெட்வொர்க் கார்டுக்கு என்ன பெயர் என்றெல்லாம் ஓஎஸ் எழுதி வைத்திருக்கும். உபுண்டு பார்ட்டிஷன்களை யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணால் குறித்து வைப்பதால் அங்கே பெரிய தொல்லை இல்லை. நெட்வொர்க் கார்டின் பெயர் மட்டும் மாறிவிடும். டெஸ்க்டாப் என்றால் தானாகச் சமாளித்துக்கொள்ளும். சர்வர் பதிப்பாக இருந்தால் நெட்வொர்க் செட்டிங் ஃபைலில் பழைய பெயர் இருக்கும், கையால் மாற்ற வேண்டும்.

லினக்ஸ் சமர்த்து, விண்டோஸ் கொஞ்சம் அடம்

லினக்ஸ் இந்த இடமாற்றத்தை எளிதாக ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுடனேயே வருகின்றன. பூட் ஆகும் தொடக்க நொடிகளுக்குத் தேவையான டிரைவர்களை உபுண்டு ஒரு தொகுப்பாக வைத்திருக்கும். அதில் பலவகை மெஷின்களுக்கானவையும் இருக்கும். ஃபெடோரா பயன்படுத்துபவர்கள் மட்டும் கவனம். அது அப்போது இருக்கும் மெஷினுக்குத் தேவையானவற்றை மட்டுமே அந்தத் தொகுப்பில் வைக்கும். மாற்றிய பிறகு பூட் மெனுவில் 'ரெஸ்க்யூ' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், தொகுப்பைப் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் விஎம்மை மாற்றினால் நீலத்திரை வர வாய்ப்பு அதிகம். 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்ற வரியைப் பார்த்தால், டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர் சரியான நேரத்தில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பழைய ஹார்ட்வேர் அடையாளங்களை அழித்துவிட்டு விண்டோஸைப் புது இடத்துக்குத் தயார் செய்யும் 'சிஸ்பிரெப்' என்ற கருவி அதனுடனேயே வருகிறது. மாற்றுவதற்கு முன் விஎம்முக்குள் அதை ஓட்ட வேண்டும். அதையும் தாண்டி, விண்டோஸ் லைசென்ஸ் ஹார்ட்வேரோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். மெஷின் மாறினால் ஆக்டிவேஷன் மறுபடி கேட்கலாம். உங்கள் லைசென்ஸ் இடம் மாற அனுமதிக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அந்த ஒரு நிமிடம்

இப்போ கதைக்கு வருவோம்.

ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து அவன் போட்ட பிளான் இது. விடிஐ ஃபைலை ரா இமேஜாக மாற்றுவது. லினக்ஸ் பென்டிரைவில் லேப்டாப்பை பூட் செய்வது. 'டிடி' என்ற கமாண்ட் மூலம் இமேஜை எஸ்எஸ்டியில் எழுதுவது. பிளானில் தப்பு இல்லை. ஆனால், 60 ஜிபி இமேஜை வைக்க லேப்டாப்பில் இடம் இல்லை. அதனால் சித்தப்பாவின் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்தான். கடைக் கணக்கு, ஜிஎஸ்டி ஃபைல்கள், தாத்தா இருந்தபோது எடுத்த போட்டோக்கள் எல்லாம் அதில்தான். வேறு எங்கேயும் காப்பி கிடையாது.

முதல் நாள் ராத்திரி பார்த்தபோது புது எஸ்எஸ்டியின் பெயர் 'எஸ்டிபி', சித்தப்பாவின் டிஸ்க் 'எஸ்டிசி'. பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். காலையில் ரீபூட் செய்து, இரண்டையும் மறுபடி சொருகி, பேப்பரைப் பார்த்து கமாண்டை டைப் செய்துவிட்டு எனக்கு வீடியோ கால் போட்டான். "அக்கா, என்டர் தட்டட்டுமா?"

எனக்கு அப்போது இதில் பெரிய ஞானம் எல்லாம் இல்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்ததில் ஒரு வரி மட்டும் நினைவில் இருந்தது. "எதுக்கும் டிஸ்க்கோட மாடல் பேரைப் படிச்சுக் காட்டுடா" என்றேன். படித்தான். பாதியில் நிறுத்தினான். "இது அப்பாவோட டிஸ்க்குக்கா..."

லினக்ஸ் இந்தப் பெயர்களை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் எழுத்து. ராத்திரி எஸ்டிபியாக இருந்தது காலையில் எஸ்டிசி ஆகலாம். அளவை வைத்தும் அவனால் கண்டுபிடித்திருக்க முடியாது. இரண்டுமே 500 ஜிபி. இரண்டும் திரையில் 465.8 என்றுதான் காட்டின. டிடி கமாண்ட் 'நிச்சயமா?' என்று கேட்காது. சொன்ன இடத்தில் சொன்னதை எழுதும். அதற்கு 'டிஸ்க் டிஸ்ட்ராயர்' என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

பாதுகாப்பான வழி: விஎம்முக்குள் இருந்தே மாற்றுவது

அன்று கமாண்டை அழித்துவிட்டு, சித்தப்பாவின் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, வேறு வழியில் செய்தோம். இதற்கு ரா இமேஜும் தேவையில்லை, 60 ஜிபி காலி இடமும் தேவையில்லை. வீட்டிலிருந்து செய்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி என்று தோன்றுகிறது.

படி 1: மாற்ற வேண்டியதை விஎம்மிலேயே மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். விஎம்மில் தப்பு செய்தால் பின்வாங்க வழி இருக்கிறது, நிஜ டிஸ்க்கில் இல்லை. எனவே முதலில் மொத்த விஎம்மையும் குளோன் செய்து, அந்தக் குளோனில் வேலை செய்யுங்கள். பயாஸ் முறையில் இருந்தால் யூஇஎஃப்ஐக்கு மாற்றுவதை இங்கேயே செய்துவிடலாம். விண்டோஸில் இதற்கு 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் பூட்டுக்கான தனி பார்ட்டிஷன் உருவாக்கி, கிரப் பூட்லோடரின் ஈஎஃப்ஐ பதிப்பை இன்ஸ்டால் செய்ய வேண்டும். பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் ஈஎஃப்ஐயை ஆன் செய்து, விஎம் பூட் ஆகிறதா என்று பாருங்கள். இங்கே ஆகவில்லை என்றால் லேப்டாப்பிலும் ஆகாது. விர்ச்சுவல்பாக்ஸுக்காகப் போட்ட 'கெஸ்ட் அடிஷன்ஸ்' சாஃப்ட்வேரையும் எடுத்துவிடுங்கள். கடைசியாக விஎம்மை முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். 'சேவ் ஸ்டேட்' கூடாது.

படி 2: குளோன்ஸில்லா. தைவானின் என்சிஹெச்சி என்ற ஆய்வு மையம் உருவாக்கிய இலவச டிஸ்க் காப்பி கருவி இது. அதன் ஐஎஸ்ஓ ஃபைலை விஎம்மின் சிடி டிரைவில் போட்டு, விஎம்மை அதிலிருந்து பூட் செய்யுங்கள். புது எஸ்எஸ்டியை யூஎஸ்பி கேஸில் போட்டு லேப்டாப்பில் சொருகி, விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி மெனு வழியாக விஎம்முக்குக் கொடுங்கள்.

இந்த முறையின் அழகு இங்கேதான் இருக்கிறது. விஎம்முக்குள் தெரிவது இரண்டே டிஸ்க்குகள்: அதனுடைய விர்ச்சுவல் டிஸ்க், நீங்கள் கொடுத்த எஸ்எஸ்டி. லேப்டாப்பின் சொந்த டிஸ்க் அதன் கண்ணிலேயே படாது. தப்பாகத் தேர்ந்தெடுக்க வேறு டிஸ்க் இல்லை. ஸ்னாப்ஷாட் பொறியும் இல்லை, ஏனெனில் விஎம் பார்ப்பது இன்றைய நிலையைத்தான்.

படி 3: எதிலிருந்து, எதற்கு? 'டிஸ்க் டு டிஸ்க்' முறையைத் தேர்ந்தெடுத்ததும் சோர்ஸ் எது, டார்கெட் எது என்று கேட்கும். இரண்டையும் தலைகீழாகக் கொடுத்தால் காலி எஸ்எஸ்டி உங்கள் உபுண்டு மேல் எழுதப்படும். வாய்விட்டுப் படித்துவிட்டு ஓகே கொடுங்கள். அப்படியே தப்பினாலும் போவது குளோன்தான், ஒரிஜினல் விஎம் பத்திரமாக இருக்கும். புது டிஸ்க், விர்ச்சுவல் டிஸ்க்கின் அளவுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

படி 4: எஸ்எஸ்டியை லேப்டாப்பில் பொருத்துதல். இவன் லேப்டாப்பில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தது. அதில் பொருத்தி, பூட் மெனுவில் புது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தோம். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் டிஸ்க்கில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், செக்யூர் பூட் போன்ற செட்டிங்குகளை மாற்றியதும் ரெக்கவரி கீ கேட்கலாம். ஃபர்ம்வேரைத் தொடும் முன் அந்த 48 இலக்க எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூட் ஆகிவிட்டது... இனி?

உபுண்டு எழுந்துவிட்டது. ஆனால், வைஃபை இல்லை. விஎம்முக்குள் வைஃபை என்ற ஒன்றே கிடையாது. அங்கே எல்லாமே கேபிள் நெட்வொர்க்காகத்தான் தெரியும். எனவே, இந்த ஓஎஸ் இப்போதுதான் முதன்முறையாக ஒரு வைஃபை சிப்பைப் பார்க்கிறது. பல சிப்கள் தானாக வேலை செய்துவிடும். செய்யாவிட்டால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் ஆன் செய்து, அந்த நெட்டில் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் செய்தது அதைத்தான்.

அடுத்து, இடம். 500 ஜிபி டிஸ்க்கில் 60 ஜிபிதான் தெரிந்தது. பயப்பட வேண்டாம். மீதி காலியாகத்தான் இருக்கிறது. ஜிபார்ட்டெட் கருவியால் பார்ட்டிஷனை நீட்டிக்கொள்ளலாம். பார்ட்டிஷன் அட்டவணையின் ஒரு நகல் டிஸ்க்கின் கடைசியில் இருக்க வேண்டும் என்பது ஜிபிடி முறையின் விதி. சிறிய டிஸ்க்கை அப்படியே பெரிய டிஸ்க்கில் எழுதினால் அந்த நகல் நடுவில் நின்றுவிடும். ஜிபார்ட்டெட் அதைக் கண்டுபிடித்து 'சரி செய்யவா?' என்று கேட்டால், தயங்காமல் ஆம் சொல்லுங்கள்.

முக்கியமாக, பழைய விஎம்மை உடனே டெலீட் செய்யாதீர்கள். இரண்டு வாரமாவது இருக்கட்டும். அதேநேரம் இரண்டிலும் மாறி மாறி வேலை செய்யாதீர்கள். எது லேட்டஸ்ட் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

சரி, மாற்றத்தான் வேண்டுமா?

நேர்மையாகச் சொன்னால், பலருக்கும் தேவையில்லை. உங்கள் விஎம்மில் நான்கைந்து சாஃப்ட்வேரும் சில ஃபோல்டர்களும்தான் இருக்கின்றன என்றால், எஸ்எஸ்டியில் புதிதாக உபுண்டு இன்ஸ்டால் செய்து, 'ஹோம்' ஃபோல்டரை மட்டும் காப்பி செய்வது சுத்தமான வழி. பூட் பிரச்சினை, டிரைவர் பிரச்சினை எதுவும் வராது. விண்டோஸ் விஎம் என்றால் பெரும்பாலும் இதையேதான் பரிந்துரைக்கலாம்.

அப்படியே மாற்றுவது யாருக்குப் பொருந்தும்? எதை எந்த வரிசையில் இன்ஸ்டால் செய்தோம் என்று திரும்பச் சொல்ல முடியாதவர்களுக்கு. இப்போது இன்ஸ்டால் ஃபைல் கிடைக்காத பழைய சாஃப்ட்வேரை நம்பி இருப்பவர்களுக்கு. அப்புறம், ரிவ்யூவுக்கு மூன்று வாரம் இருக்கும் கடைசி வருட மாணவர்களுக்கு.

தம்பியின் உபுண்டு இப்போது முழு 8 ஜிபி ரேமிலும் ஓடுகிறது. டீ குடிக்க நேரம் கிடைப்பதில்லையாம். சித்தப்பாவுக்கு அன்று காலை நடந்தது இன்னமும் தெரியாது. ஆனால், அதே வாரம் அவன் தன் சேமிப்பில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, அந்த போட்டோக்களையும் கணக்குகளையும் காப்பி எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். "உங்க வீட்டுலயே இருக்கட்டும்க்கா" என்றான்.

உங்கள் வீட்டு போட்டோக்களுக்கு எத்தனை காப்பி இருக்கிறது? ஓஎஸ்ஸை மாற்றுகிறீர்களோ இல்லையோ, அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.